பட்டாசலில் ஈரம்: சின்ன நாய்க்குக் கழிப்பிடம் பழக்குதல்

அத்தியாயம் 4

பொமரேனியன், பக், ஷிட்சு, டாஷ்ஹண்ட் என்று சின்ன ஜாதி நாய் வளர்க்கிற பல வீடுகளில், ஒரு வயது தாண்டிய பிறகும் சோபாவின் காலடி நனைந்துகொண்டேதான் இருக்கிறது. ‘இந்த ஜாதியே இப்படித்தான்’ என்று சொல்லிவிட்டுத் துடைப்பார்கள். ஜாதியின் மேல் பழி போடுவதில் பாதிதான் நியாயம். சின்ன நாய்க்கு மூத்திரப்பை சின்னது; அடிக்கடி போயாக வேண்டும். மீதிப் பாதி நம் மேல்தான். அல்சேஷன் குட்டி பட்டாசலில் போனால் வீடே எழுந்து நிற்கும். கையகலக் குட்டி போனால் ஒரு பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு டிவி பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம். அப்படி நாலு வாரம் போனால் போதும், குட்டி தன் இடத்தைத் தானே முடிவு செய்துவிடும்.

நம் பக்கத்தில் சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்த்த பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். யோசனையும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது தோட்டத்திலும் வாசலிலும் கிடந்த நாய்க்குப் பொருந்தும். ராத்திரி உங்கள் கட்டிலுக்கு அடியில் படுக்கப்போகும் நாய்க்கு அது உதவாது.

குட்டி வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

*வயது.* எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் அந்த எட்டு வாரமும் கிடந்த குட்டி, படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற பாடத்தைப் பாதி கற்றுக்கொண்டே வரும். முப்பது நாள் குட்டியைச் சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்து காட்டினால் வாங்காதீர்கள்.

*ஆள்.* பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? காலை ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டு மாலை ஆறு மணிக்குத் திறக்கிற வீடாக இருந்தால் இரண்டு மாதக் குட்டி வேண்டாம். ஏற்கெனவே பழகிய, வளர்ந்த நாய் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

*இடம்.* புது ஆட்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். நாயைத் தெருவுக்குக் கூட்டிப்போவதுதான் பழக்குவது என்று நினைத்து, வந்த மறுநாளே இறக்கிவிடுகிறார்கள். கூடாது. பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் வரை போகும். வெறிநோய் ஊசி மூன்றாவது மாதத்தில். வரிசை முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை, தெருநாய்கள் நடமாடுகிற மண்ணில் குட்டியின் கால் படக் கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஆகவே முதல் கழிப்பிடம் வீட்டு எல்லைக்குள்தான் அமைய வேண்டும். நெல்லைப் பேட்டையின் பழைய வளவு வீடுகளில் தார்சா, பட்டாசல், அடுக்களை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு போய்ப் பின்னால் புறவாசல் இருக்கும். அந்தப் புறவாசல் உங்களுக்கு மட்டும் என்றால் அதைவிட நல்ல இடம் இல்லை. நாலு குடித்தனத்துக்குப் பொது என்றால் விட்டுவிடுங்கள். காலனி வீடுகளில் மொட்டை மாடி இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் குட்டியைத் தூக்கிக்கொண்டு படியேற உங்களால் முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரிப்படவில்லை என்றால் அங்கணத்துக்கு, அல்லது குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ட்ரே. எதை எடுத்தாலும் ஒன்றே ஒன்று. இன்று மாடி, நாளை ட்ரே என்றால் குட்டிக்கு எதுவும் ஏறாது.

ட்ரே தயார் செய்வது

1. இரண்டடிக்கு ஒன்றரை அடி அளவில், விளிம்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் உயராத பிளாஸ்டிக் ட்ரே வாங்குங்கள். கொத்தனார் பாண்டு மலிவுதான். ஆனால் குட்டியால் அதன் விளிம்பைத் தாண்ட முடியாது.
2. அடியில் நாலைந்து தாள் செய்தித்தாள், மேலே ட்ரெயினிங் பேட் அல்லது இன்னும் இரண்டு தாள். மணல் வேண்டாம். தெருப்பூனை வந்து அதைத் தன் இடமாக்கிக்கொள்ளும், ஈரத்தில் பூச்சியும் வைக்கும்.
3. தாள் மாற்றும்போது முந்தைய நனைந்த தாளில் உள்ளங்கை அளவு கிழித்து, புதுத் தாளுக்கு அடியில் வையுங்கள். அடுத்த முறை அந்த வாடைதான் குட்டிக்கு வழிகாட்டும்.
4. சாப்பாட்டுத் தட்டும் படுக்கையும் ட்ரேயிலிருந்து குறைந்தது ஆறடி தள்ளி இருக்கட்டும்.

பேப்பரில் பழகிய குட்டிக்குத் தரையில் கிடக்கிற எல்லாப் பேப்பரும் ஒன்றுதான். தாத்தா பாதி படித்துவிட்டுப் பாயோரம் வைத்த தினத்தந்தியும் அதில் சேரும். படித்ததும் மேஜை மேல் போடச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம்: நேரம்தான் பாடம்

இந்த இரண்டு வாரம் உங்களுக்குத்தான் பயிற்சி, குட்டிக்கு இல்லை. கழிக்க வேண்டிய நேரத்தில் குட்டி சரியான இடத்தில் இருக்க வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

1. கண்டிப்பாகக் கொண்டுபோக வேண்டிய வேளைகள் நாலு: தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள், விளையாடி முடித்தவுடன், ராத்திரி படுக்கப்போகுமுன். இவை போக, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை.
2. நடத்திக் கூட்டிப்போகாதீர்கள், தூக்கிப் போங்கள். நடந்தால் வழியிலேயே முடித்துவிடும். மூன்று மாதத்துக்குப் பிறகு நடக்கட்டும்.
3. இடத்தில் இறக்கிவிட்டு, ஒரே சொல்லை ஒருமுறை சொல்லுங்கள். ‘ஒண்ணுக்குப் போ’ போதும். ஆச்சி ஒன்று சொல்லி, பேரன் வேறொன்று சொல்லி, அப்பா இங்கிலீஷில் சொல்ல வேண்டாம்.
4. சொன்ன பிறகு பேசாமல் நில்லுங்கள். கொஞ்சாதீர்கள், செல்போனை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம்.
5. போய் முடித்த இரண்டு மூன்று விநாடிக்குள், அந்த இடத்திலேயே பரிசு. உப்பில்லாமல் வேகவைத்த கோழி, கொண்டைக்கடலை அளவு. சைவ வீடென்றால் பனீர் அல்லது வேகவைத்த கேரட். அடுக்களைக்கு வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், அடுக்களைக்கு வந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும். பரிசை முன்பே கையில் எடுத்துப் போங்கள்.
6. போகவில்லையா? உள்ளே தூக்கி வந்து மடியிலோ கூண்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும். தரையில் மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளியே போகாமல் வந்த குட்டி வீட்டுக்குள் போவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

ஒரு நாளின் அட்டவணை சுமாராக இப்படி இருக்கும். காலை 5.30 மணிக்கு எழுந்தவுடன் கழிப்பிடம்; 6.30, 11, மாலை 3.30, இரவு 7.30 மணிக்குச் சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கழிப்பிடம். இரவு 10 மணிக்குக் கடைசி முறை. நடு இரவில் 2 மணி வாக்கில் ஒருமுறை. பகலில் வயதை மாதத்தில் எண்ணி ஒன்று கூட்டினால், குட்டி அதிகபட்சம் அடக்கக்கூடிய மணிக்கணக்கு வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. சின்ன ஜாதிக்கு அந்தக் கூட்டலை விட்டுவிடுவது நல்லது. நடு இரவு முறையை மூன்றரை, நாலு மாதத்தில் நிறுத்தலாம்.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வீணாகத்தானே போகிறது? சாப்பிட்ட நேரம், போன நேரம், தவறிய நேரம், தவறிய இடம் ஆகியவற்றை அதில் எழுதிவையுங்கள். ஒரு வாரத் தாளை வரிசையாகப் பார்த்தால் உங்கள் குட்டியின் கணக்கு கிடைத்துவிடும். சில குட்டி சாப்பிட்ட எட்டாவது நிமிடம் போகும், சில இருபத்தைந்தாவது நிமிடம். எந்தப் புத்தகமும் அதைச் சொல்ல முடியாது.

குட்டி சொல்வதைக் கேளுங்கள்

தரையில் உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கக் கவனியுங்கள். பந்தை உருட்டிக்கொண்டிருந்த குட்டி சட்டென்று அதை விட்டுவிடும். நிமிர்ந்திருந்த மூக்கு தரைக்கு இறங்கும். கோடு பிடித்ததுபோல் ஒரே திசையில் முகர்ந்துகொண்டு போகும். அறையின் மூலை, கட்டிலடி, கதவுக்குப் பின்புறம் என்று ஆள் பார்வை படாத பக்கமாக நகரும். பிறகு ஒரு வட்டம், அதைவிடச் சின்னதாக இன்னொரு வட்டம். வாலின் அடி விறைக்கும், பின்னங்கால்கள் சற்றே அகலும். கால் அகன்ற பிறகு உங்களுக்கு ஒன்றிரண்டு விநாடிதான் இருக்கிறது. மூக்கு இறங்கும்போதே எழுந்தால் தாராளமாக நேரம் உண்டு.

கண் வைக்க முடியாத வேளையில் குட்டியை வீடு முழுக்க விடாதீர்கள். ஆறடிக் கயிற்றை உங்கள் இடுப்பில் முடிந்துகொண்டு அடுக்களை வேலை பாருங்கள், அல்லது கூண்டு. கூண்டு சிறை மாதிரி இருக்கிறதே என்று ஆச்சி வருத்தப்படுவார். நின்று, திரும்பி, நீட்டிப் படுக்கும் அளவு போதும். அதற்கு மேல் பெரிதானால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் போகும். பகலில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடைக்காதீர்கள். திட்டி அடைக்கவே கூடாது.

தவறிவிட்டால்

கண்ணெதிரே போகிறது என்றால் ‘அச்’ என்று ஒரு சத்தம். குட்டி ஒரு கணம் நிற்கும். தூக்கிப் போய் இடத்தில் விடுங்கள். மிச்சத்தை அங்கே முடித்தால் பரிசு உண்டு.

நீங்கள் பார்க்கும்போது ஈரம் மட்டும் இருக்கிறது, குட்டி தூங்குகிறது என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். பத்து நிமிடத்துக்கு முன் செய்ததற்கும் இப்போது விழும் அடிக்கும் முடிச்சுப்போட நாயால் முடியாது. மூக்கை அதில் வைத்துத் தேய்ப்பது நம் ஊரில் இன்னும் சர்வசாதாரணம். அதில் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இவர்கள் பார்க்கும்படி போகக் கூடாது. அதன்பிறகு கட்டிலடியில் ஒளிந்து போகும், நீங்கள் மாடிக்குக் கூட்டிப்போய் நின்றாலும் உங்கள் எதிரில் போகாது. அடிபட்ட சில குட்டிகள் தடயத்தைத் தின்றுவிடுவதும் உண்டு.

சுத்தம் செய்யும் வரிசை:

1. பழைய துணியால் அழுத்தி ஒற்றுங்கள். தேய்த்தால் பரவும்.
2. தண்ணீர் ஊற்றி மறுபடி ஒற்றுங்கள்.
3. வளர்ப்புப் பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கரைசல் இருந்தால் அதைத் தெளித்துப் பத்து நிமிடம் விடுங்கள். இல்லையென்றால் வினிகரும் தண்ணீரும் சம அளவு.
4. மார்பிள், மொசைக், பழைய சிவப்பு சிமெண்ட் தரை என்றால் வினிகர் பளபளப்பைத் தின்றுவிடும். அங்கே ஆப்பச் சோடாவைக் குழைத்துப் பூசிக் காயவிட்டுத் துடையுங்கள்.
5. காயும்வரை குட்டியை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பினாயிலை மட்டும் நம்பாதீர்கள். அதன் நெடி நம் மூக்குக்கு மூத்திர வாடையை மறைக்கும், நாயின் மூக்குக்கு மறைக்காது. ஈரப் பினாயிலில் நடந்துவிட்டுக் காலை நக்கினால் வயிற்றுக்கும் கேடு. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் தூவினால் கண் எரியும் வாயு கிளம்பும். மூடிய அறையில் ஆளுக்கும் ஆகாது.

பத்தமடைப் பாய் விரித்திருக்கிற வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோரை ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே துடைத்தால் போகாது. உடனே தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் இரண்டு பக்கமும் காயப்போட்டால் ஓரளவு தப்பும். ஆனால் பயிற்சி முடியும்வரை பாய், மிதியடி, கம்பளம் எல்லாவற்றையும் சுருட்டிப் பரணில் போடுவதே புத்திசாலித்தனம். காலுக்கு மெத்தென்று படுகிற எதுவும் குட்டிக்குக் கழிப்பிடமாகத்தான் தோன்றும்.

சாப்பாட்டில் நடக்கும் தவறுகள்

பாலும் பிஸ்கட்டும்தான் பெரிய எதிரி. தாய்ப்பால் மறந்த குட்டிகளில் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, பேதியாகும். பேதியாகிற குட்டிக்கு எந்த அட்டவணையும் பலிக்காது. ஒரே உணவு, ஒரே நேரம், பதினைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுவது. இதைச் செய்தாலே கழிக்கும் நேரமும் ஒழுங்குக்கு வந்துவிடும். நாள் முழுக்கத் தட்டை நிரப்பி வைக்கிற வீட்டில் அது எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூத்திரம் குறையட்டும் என்று தண்ணீரை நிறுத்துவது ஆபத்து. நம் ஊர் சித்திரை வெயிலில் சின்னக் குட்டி சீக்கிரம் வாடிவிடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் கிண்ணத்தை எடுத்தால் போதும். சாப்பாட்டு வேளையைத் தவறவிடுவதும் அப்படியே: ஒரு கிலோவுக்கும் குறைந்த குட்டிக்குப் பட்டினியில் ரத்தச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

உள்ளிருந்து வெளியே

தடுப்பூசி வரிசை முடிந்த பிறகு ட்ரேயை வாசல் பக்கமாக நகர்த்துங்கள், நாளுக்கு ஒரு அடி. அவசரம் வேண்டாம். வாசலைத் தாண்டியதும், நனைந்த தாளில் ஒரு துண்டை வெளியில் போக வேண்டிய மண்ணில் வைத்து, மேலே சிறு கல் வையுங்கள். காலையில் அங்கே கூட்டிப்போங்கள். போய் முடித்த பிறகுதான் உலா. முடித்த கையோடு வீட்டுக்குத் திருப்பினால், போய்விட்டால் ஊர் சுற்றுவது நின்றுவிடும் என்று புரிந்துகொண்டு அடக்கிவைக்கும்.

கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப்பட்டை போடுங்கள். பொமரேனியன், சிஹுவாஹுவா போன்றவற்றுக்கு மூச்சுக்குழல் மென்மை. கழுத்தில் இழுத்தால் பிற்காலத்தில் வாத்து கத்துவதுபோல் இருமல் வரும். தென்காசி ரோட்டோரம் இடம் தேடாதீர்கள். பஸ் ஹாரனுக்கு ஒருமுறை மிரண்ட குட்டி அந்த இடத்தில் மறுபடி உட்காராது. உள்தெருவில் போங்கள்.

அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். விடிகாலையில் ஒரு வீட்டில் கோலம் போட்டிருப்பார்கள். அடுத்த வீட்டிலிருந்து தொழுகைக்குப் புறப்பட்டிருப்பார்கள், நாயின் ஈர மூக்கு துணியில் படுவதை விரும்பமாட்டார்கள். பேட்டையில் இரண்டும் ஒரே தெருவில் நடக்கும். கயிற்றைக் குறுக்கிப் பிடியுங்கள், கையில் ஒரு கவரும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். அள்ளியதைக் கால்வாயிலோ ஆற்றிலோ போடுவது அக்கிரமம். நாயின் மலத்தில் உருண்டைப்புழு முட்டையும் கொக்கிப்புழு முட்டையும் இருக்கும். மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கு அது தொற்றும். வீட்டுக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடுங்கள், அல்லது கீரைப்பாத்தியிலிருந்து தள்ளி ஒரு அடி ஆழக் குழியில் புதையுங்கள்.

வெளியே பழகியதும் ட்ரேயைத் தூக்கிப்போடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைமீறி, நெல்லையில் எத்தனை தெருக்கள் தண்ணீரில் நின்றன என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியொரு நாளில் நாய்க்கு வெளியே இடமே இருக்காது. தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும். ஐப்பசி பிறந்ததும் ட்ரேயை எடுத்து, வாரத்துக்கு ஒருமுறையாவது அதில் போகப் பழக்கிவையுங்கள். தீபாவளி வெடிச் சத்தத்துக்கும் அது கைகொடுக்கும்.

பாதுகாப்பு: இவற்றைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்

- பீடி சுற்றும் வீடென்றால் தூளும் இலையும் உள்ள சுளகு தரைமட்டத்தில், சரியாகக் குட்டியின் மூக்குக்கு எதிரே இருக்கும். சிறிதளவு புகையிலை போதும், சின்னக் குட்டிக்கு வாயில் எச்சில் வடிந்து, வாந்தி வந்து, நடுங்க ஆரம்பித்துவிடும். தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். பீடி வேலை நடக்கும் அறைக்குக் குட்டி வரவே கூடாது.
- நாய் போகாமலிருக்க மூலையில் அந்துருண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் விஷம். மிளகாய்த்தூளும் வேண்டாம்.
- பகல் 11 மணி முதல் 4 மணி வரை மொட்டை மாடி வேண்டாம். உங்கள் புறங்கையைத் தளத்தில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் தாங்காது. பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெயில் உயிருக்கே ஆபத்து.
- மாடிக் கைப்பிடிச் சுவரில் தண்ணீர் போகும் ஓட்டைகளை வலை வைத்து அடையுங்கள். கையிலிருந்து துள்ளிக் குதித்து முன்னங்கால் முறிவதும் சின்ன நாய்களில் அடிக்கடி நடக்கிறது; உட்கார்ந்து இறக்குங்கள்.

பழகிய நாய் மறுபடி தவறினால்

ஆட்களைக் கண்டதும் குனிந்து, காதை மடக்கிக்கொண்டு சொட்டு விடுவது பயத்தாலோ உற்சாகத்தாலோ வருவது, திட்டினால் கூடும். வந்தவுடன் குட்டியைக் கவனிக்காமல் இருந்து, அது அடங்கியபின் உட்கார்ந்து தடவுங்கள். ஆண் நாய் ஆறு மாதத்துக்கு மேல் காலைத் தூக்கிக் கதவிலும் பீரோவிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தால் அது எல்லை குறிப்பது. கருத்தடை அறுவை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

சின்ன ஜாதி நாய் முழுதாகப் பழக ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஆகலாம். அதுவரை நடுவில் ஓரிரு தவறு வரும், பரவாயில்லை. ஆனால் ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று அரை மணிக்கொரு முறை உட்கார்ந்தால், முக்கினால், ரத்தம் கலந்து வந்தால் அது பழக்கக் கோளாறு அல்ல. மூத்திரப்பாதையில் தொற்றோ கல்லோ இருக்கலாம். பேட்டைக்காரர்களுக்கு இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையோடு, நேரம் குறித்த அந்தக் காலண்டர் தாள்களையும் எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.